'ஒரிஜினல் வினைல் மட்டும்' என்று போஸ்டர் போட்டுவிட்டு பூட்லெக் சுழற்றலாமா?

பவுடர்தரை எழுதியது:

சோல் இரவுகளுக்குப் போகிறவர்களும் ஏழு அங்குலத் தட்டு சேர்க்கிறவர்களும் இந்தக் குழுவில் கொஞ்சம் பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் இதை இங்கே கேட்கிறேன்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து இங்கிலாந்தில் மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தொழிலாளர் கிளப்பின் மாடியில் நார்தர்ன் சோல் இரவு, அதாவது அறுபதுகளின் அமெரிக்க சோல் தட்டுகளுக்கு ஆடும் இரவு, நடத்துகிறோம். போஸ்டரில் ஓ.வி.ஓ. என்று பெரிதாகப் போடுகிறோம். ஒரிஜினல் வினைல் மட்டும் என்று அர்த்தம். பாட்டு முதலில் வெளிவந்தபோது அச்சான தட்டுதான் சுழலும். பிற்கால மறுஅச்சு, பூட்லெக் (உரிமையில்லாமல் அடித்த நகல் தட்டு), சிடி, லேப்டாப் எதற்கும் இடமில்லை.

போன முறை விருந்தினராக வந்த டிஜே ஒருவர் ஒரு டெட்ராய்ட் தட்டைப் போட்டார். ஒரிஜினல் பல நூறு பவுண்டுக்குப் போகும் தட்டு. தரை நிரம்பிவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். அவர் அடுத்த தட்டை வைக்கும்போது, தட்டு சுழலும் டெக் அருகே நின்ற பழைய சேகரிப்பாளர் ஒருவர் முந்தையதைக் கையில் எடுத்துப் பார்த்தார். லேபிள் தாள் புத்தம் புதுசாகப் பளபளக்கிறது. பாட்டு முடிந்ததும் வரும் வழவழப்பான வளையத்தில் முத்திரை எதுவும் இல்லை, யாரோ அவசரமாகக் கீறிய எண் மட்டும் இருக்கிறது. எழுபதுகளின் பூட்லெக். அந்த டிஜேயிடம் தனியாகக் கேட்டேன். "பாட்டு அதேதானே, ஆடினவங்க ஒருத்தராவது குறை சொன்னாங்களா?" என்று திருப்பிக் கேட்டார்.

பூட்லெக் வைத்திருப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் வாசலில் காசு வாங்கும்போது ஒன்று சொல்லிவிட்டு மேடையில் வேறொன்றைச் செய்தால், அது வந்தவர்களிடம் சொன்ன பொய். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

மதுரைமைக்செட் எழுதியது:

தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே, தெரியாமல்தான் கேட்கிறேன். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மைக் செட் கட்டியவர்கள் தேய்ந்த தட்டைத்தான் போட்டார்கள். அது எந்த வருஷத்து அச்சு என்று யாரும் கேட்டதில்லை. பாட்டு நல்லா இருந்தால் போதாதா? இந்த நார்தர்ன் சோல்காரர்களுக்கு மட்டும் ஏன் அச்சு இவ்வளவு முக்கியம்?

---

நாற்பத்தைந்து எழுதியது:

நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளில் அமெரிக்காவில் டெட்ராய்ட், சிகாகோ, பிலடெல்பியா, லாஸ் ஏஞ்சலஸ் என்று ஊர் ஊராகச் சின்னச் சின்னக் கம்பெனிகள் சோல் தட்டு போட்டுத் தள்ளின. டெட்ராய்டின் பெரிய கம்பெனியான மோடவுன் மாதிரி ஒரு ஹிட் அடித்துவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருந்தது. பெரும்பாலானவை வானொலியில்கூட வராமல் கிடங்கில் தூங்கின. அந்த விற்காத தட்டுகளைத்தான் வடக்கு இங்கிலாந்தின் தொழிற்சாலைப் பிள்ளைகள் தேடிப் பிடித்து விடியவிடிய ஆடினார்கள். அவர்கள் ஆடிய கிளப்புகள் மான்செஸ்டரில் ட்விஸ்டட் வீல், ஸ்டோக் பக்கம் டன்ஸ்டாலில் கோல்டன் டார்ச், பிளாக்பூல் மெக்காவின் ஹைலேண்ட் ரூம், அப்புறம் 1973 செப்டம்பரில் தொடங்கி 1981 டிசம்பரில் மூடிய விகன் கசினோ. லண்டனில் தட்டுக் கடை வைத்திருந்த டேவ் கோடின் என்பவர்தான் 1970இல் 'ப்ளூஸ் அண்ட் சோல்' பத்திரிகையில் எழுதி நார்தர்ன் சோல் என்ற பெயரைப் பரப்பினார். கால்பந்து பார்க்க லண்டன் வரும் வடக்கத்திப் பையன்கள் எந்த மாதிரித் தட்டைக் கேட்பார்கள் என்று கடைக்காரர்களுக்குச் சொல்ல அவர் வைத்த பெயர் அது.

இங்கே முக்கியமான விஷயம், பாட்டு எழுதியவரோ பாடியவரோ மேடையில் கிடையாது. இருப்பதெல்லாம் டிஜேயும் தட்டும்தான். வேறு யாரிடமும் இல்லாத தட்டு உன்னிடம் இருந்தால் கூட்டம் உன்னைத் தேடி வரும். அதனால் போட்டி. போட்டி வந்ததும் கவர்-அப் வந்தது. லேபிள் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, பொய்யான பாடகர் பெயரையும் பொய்யான தலைப்பையும் எழுதிவிடுவார்கள். அதற்கும் முன்னால் ஜமைக்காவில் சவுண்ட் சிஸ்டம் நடத்தியவர்கள் அமெரிக்கத் தட்டுகளின் லேபிளைச் சுரண்டிவிட்டுத்தான் போடுவார்கள்.

கவர்-அப்புக்கு இரண்டு நோக்கம். மற்ற டிஜேக்கள் அதே தட்டைத் தேடிப் பிடிக்கக் கூடாது, பூட்லெக்காரன் அதை நகலெடுக்கக் கூடாது. ஒரு தட்டு பூட்லெக் ஆகிவிட்டால் அடுத்த மாதமே எல்லா ஊரிலும் அது ஓடும், தேடிக் கண்டுபிடித்தவனின் உழைப்புக்கு மதிப்பு போய்விடும். ஆகவே பூட்லெக் மீதான கோபம் பணக்காரர்களின் வீம்பு மட்டும் இல்லை. அட்லாண்டிக் தாண்டிப் போய் கிடங்கு கிடங்காகப் புழுதியில் தேடியவர்களின் கோபமும் அதில் இருக்கிறது.

---

இரவுராணி எழுதியது:

நாற்பத்தைந்து சொன்ன வரலாறு சரி. ஆனால் பாதி வரலாறு.

நான் டிஜே இல்லை, சேகரிப்பாளரும் இல்லை. ஆடப் போகிறவள். தரையில் வழுக்கிச் சுழலத் தோல் அடிப்பாகம் வைத்த ஷூவும் ஒரு டப்பா டால்கம் பவுடரும்தான் என் சேகரிப்பு. இதே தரையில் நின்று ஒன்று கேட்கிறேன். இந்த நார்தர்ன் சோல் உலகத்தின் மிக மதிப்புள்ள தட்டு எது என்று யாரைக் கேட்டாலும் ஃப்ராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ' என்பார்கள். 1965இல் மோடவுனின் 'சோல்' என்ற துணை லேபிளில் அச்சாகி, கடைக்கே வராமல் நின்றுபோனது. அவர் பாடகராகாமல் தயாரிப்பாளராகவே இருந்துவிட்டார். மிஞ்சிய பிரதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2009இல் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்குப் போனது. 2020இல் ஒரு லட்சம் பவுண்டு.

சரி, அந்தப் பாட்டை வடக்கு இங்கிலாந்து எப்படிக் கேட்டது? ஒரிஜினலிலா? மோடவுனின் சொந்தத் தொகுப்பிலிருந்து வெளியே வந்த ஒரு பிரதியிலிருந்து நகலெடுத்து, எடி ஃபாஸ்டர் என்ற பெயரில் பூட்லெக் அடித்தார்கள். எடி ஃபாஸ்டர் உண்மையிலேயே இருந்த வேறொரு பாடகர், அவருக்கும் இந்தப் பாட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. விகனில் ஆடியவர்கள் எடி ஃபாஸ்டர் பாட்டு என்று நம்பித்தான் காதலித்தார்கள். மோடவுன் பிரிட்டனில் ஃப்ராங்க் வில்சன் பெயரிலேயே வெளியிட்டது 1979இல்தான். அந்தப் பூட்லெக் இல்லாவிட்டால் அந்த ஒரு லட்சம் பவுண்டும் இல்லை, பாட்டை நான் கேட்டிருக்கவும் மாட்டேன்.

அதனால் பூட்லெக் போட்டவரைத் திருடன் மாதிரி நிற்க வைக்காதீர்கள், அண்ணா. உங்கள் உலகமே பாதி பூட்லெக்கில் கட்டியது.

---

பவுடர்தரை எழுதியது:

ராணி, நீங்கள் சொன்ன கதை என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது.

அந்தப் பூட்லெக்கில் உண்மையில் அநியாயம் என்ன? பாட்டு பரவியதா? இல்லை. ஃப்ராங்க் வில்சன் என்ற மனிதரின் பெயரை அழித்துவிட்டு இன்னொருவர் பெயரை ஒட்டியதுதான். தான் பாடிய பாட்டுக்குக் கடல் தாண்டி ஆயிரக்கணக்கானவர்கள் ஆடுகிறார்கள், ஆனால் எல்லோர் வாயிலும் வேறொருவர் பெயர். இதே காரணத்துக்காகத்தான் கவர்-அப்பும் எனக்குப் பிடிக்காது, அதை யார் எவ்வளவு வீரமாகச் சொன்னாலும். தேடியவரின் உழைப்பைக் காப்பாற்றப் பாடியவரின் பெயரை மறைப்பது எந்த ஊர் நியாயம்?

என் கேள்வி தட்டின் வயதைப் பற்றியது இல்லை. சொன்னதைச் செய்கிறோமா என்பதுதான்.

---

வெள்ளைலேபிள் எழுதியது:

கொஞ்சம் காட்டமாக எழுதப் போகிறேன், மன்னிக்கவும்.

எனக்கு வயது இருபத்தி சொச்சம். கிடங்கு வேலை பார்த்துக்கொண்டு, மிச்சம் பிடித்ததில் தட்டு வாங்குகிறேன். ஓ.வி.ஓ. இரவுகளில் டிஜே மேசைக்குப் பின்னால் நிற்பவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டுக் கடன் முடிந்த, ஓய்வு பெற்ற ஆண்கள். எண்பதுகளில் பத்துப் பவுண்டுக்கு வாங்கியதை இன்று ஆயிரம் பவுண்டுத் தட்டு என்று தூக்கிக் காட்டுகிறார்கள். அந்த மேசைக்கு என்னை மாதிரி ஒருவனோ ஒரு பெண்ணோ வருவதற்கு வழியே இல்லாமல் ஆக்கியது இந்த விதிதான்.

அப்புறம் கலைஞருக்கு மரியாதை என்ற பேச்சு. பழைய ஒரிஜினலை நீங்கள் ஏலத்தில் ஐந்நூறு பவுண்டுக்கு வாங்கினால் பாடியவருக்கு எவ்வளவு போகிறது? ஒரு பைசா கிடையாது. விற்றவருக்கும் ஏலக்காரருக்கும்தான் போகிறது. பூட்லெக் வாங்கினாலும் கலைஞருக்கு ஒன்றும் இல்லை, ஒரிஜினல் வாங்கினாலும் ஒன்றும் இல்லை. அப்படியிருக்க ஒருவர் யோக்கியர், இன்னொருவர் திருடர் என்றால் எப்படி?

---

இரவுராணி எழுதியது:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். தம்பி சரியாகச் சொல்லிவிட்டார்.

---

நாற்பத்தைந்து எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னதில் ஒன்று முழு உண்மை. பழைய தட்டு கைமாறும்போது பாடியவருக்கு எதுவும் போவதில்லை. ஓ.வி.ஓ. கலைஞரைக் காப்பாற்றுகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிளப்பில் பாட்டு ஒலிப்பதற்கான பணம் தனி. அது பி.ஆர்.எஸ்., பி.பி.எல். என்ற உரிமத்தொகை வசூலிக்கும் அமைப்புகள் இரண்டும் 2018இலிருந்து சேர்ந்து தரும் இசை உரிமத்துக்குக் கிளப் கட்டும் தொகை. டெக்கில் சுழல்வது எந்த அச்சு என்று பார்த்து அது கூடுவதோ குறைவதோ இல்லை.

ஆனால் நீங்கள் இரண்டு வகைத் தட்டைப் பற்றி மட்டும் பேசினீர்கள். மூன்றாவது வகையை விட்டுவிட்டீர்கள், கலைஞருக்குப் பணம் போக வழியுள்ளது அது ஒன்றுதான். உரிமம் வாங்கி அச்சிடும் மறுவெளியீடு. லண்டனின் ஏஸ் ரெக்கார்ட்ஸ் 1982இலிருந்து கென்ட் என்ற லேபிளில் இதைச் செய்கிறது. பழைய கம்பெனிகளின் டேப்புகளை உரிமையாளரிடம் முறையாகப் பேசி வாங்கி, ஸ்டுடியோவில் பதிந்த மாஸ்டர் டேப்பிலிருந்தே தட்டு வெட்டி, யார் பாடியது, யார் எழுதியது, எந்த ஸ்டுடியோ என்று உள்ளே குறிப்பும் எழுதிப் போடுகிறார்கள். பாடியவரை உயிரோடிருக்கும்போதே தேடிக் கண்டுபிடித்து லண்டனுக்குக் கூட்டிவந்து மேடையேற்றியதும் உண்டு.

பூட்லெக் அந்த வழியை அடைக்கிறது. அறுபதுகளின் நடுவில் வந்த ஒலிப்பதிவுகளுக்குப் பிரிட்டனில் இன்னும் பதிப்புரிமை இருக்கிறது. 2013இல் ஐம்பது ஆண்டை எழுபதாக நீட்டினார்கள், 1963க்கு முன் வந்தவை மட்டும்தான் கைவிட்டுப் போயின. உரிமை மீறிய பிரதியைத் தெரிந்தே அடித்து விற்பது 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஒருவர் பூட்லெக்கை இருபது பவுண்டுக்கு வாங்கிவிட்டால், அதே பாட்டின் உரிமம் பெற்ற அச்சை ஏன் வாங்கப் போகிறார்?

விலை பற்றியும் ஒன்று. டாரல் பேங்க்ஸின் 'ஓபன் தி டோர் டு யுவர் ஹார்ட்' 1966இல் அமெரிக்காவில் ஹிட் ஆன பாட்டு. ரெவிலாட் லேபிளில் வந்த அமெரிக்க ஒரிஜினல் தேடினால் சாதாரண விலைக்கே கிடைக்கும். அதே பாட்டு பிரிட்டனில் 'லண்டன்' என்ற லேபிளில் வந்த விற்பனைப் பிரதி, உரிமைச் சிக்கலால் உடனே திரும்பப் பெறப்பட்டதால், 2014 ஏலத்தில் 14,543 பவுண்டுக்குப் போனது. இரண்டிலும் ஒரே குரல், ஒரே டிரம். நீங்கள் ரெவிலாட் பிரதியைப் போட்டால் ஓ.வி.ஓ. இரவில் யாரும் மூச்சுவிட மாட்டார்கள். மலிவான ஒரிஜினல்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. ஹிட் ஆனதாலேயே மலிந்த தட்டுகள் அவை. அவற்றைக் காது கொடுத்துத் தேர்ந்தெடுத்து, அருமையான ஒரு மணி நேரத்தைக் கட்டியெழுப்பிய இளம் டிஜேக்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் விலை கூடிய தட்டைப் பூட்லெக்கில் போடுவதைவிட இதில்தான் திறமை தெரியும்.

---

வெள்ளைலேபிள் எழுதியது:

கென்ட் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். என் பெட்டியில் கணிசமாக இருப்பதே அவைதான். ஆனால் அண்ணா, உங்கள் ஓ.வி.ஓ. விதி அதையும் சேர்த்துத்தானே வாசலில் நிறுத்துகிறது? கலைஞருக்குக் காசு தரும் ஒரே தட்டுக்கு மேடையில் இடமில்லை, காசே தராத பழைய தட்டுக்கு மட்டும் இடம். இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

---

ரன்அவுட் எழுதியது:

அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் பவுடர்தரை சொன்ன அந்தத் தட்டைப் பற்றிப் பேசலாம். தட்டு வாங்கி விற்பது என் தொழில். பூட்லெக்கை ஒரிஜினல் என்று நம்பிக் காசைக் கொட்டியவர்கள் என் கடைக்கு வந்து அழாத குறையாக நிற்பதைப் பார்க்கிறேன். இளையவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் தட்டின் உடல். அறுபதுகளின் அமெரிக்க 45களில், அதாவது நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் ஏழு அங்குலத் தட்டுகளில், நிறைய வினைல் அல்ல, ஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக். வினைல் அழுத்தி அடிப்பது. ஸ்டைரீன் உருக்கி அச்சுக்குள் பாய்ச்சுவது. அதனால் லேபிள் பசை போட்டு மேலே ஒட்டியிருக்கும், சில சமயம் ஓரம் லேசாகத் தூக்கியிருக்கும். ஓரத்தில் பிடித்து நகத்தால் மெல்லத் தட்டினால் வினைல் மந்தமாக ஒலிக்கும், ஸ்டைரீன் 'டிக்' என்று கூராக ஒலிக்கும். ஒரு தட்டு ஸ்டைரீனில் மட்டுமே அச்சானது என்று உறுதியாகத் தெரிந்து, உங்கள் கையில் இருப்பது வினைல் என்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் அவசரப்பட வேண்டாம். ஒரே பாட்டு இரண்டு மூன்று ஆலைகளில் அச்சாகி, ஒன்று ஸ்டைரீன், இன்னொன்று வினைல் என்று வந்ததும் நிறைய.

அடுத்தது ரன்-அவுட். பள்ளம் முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வழவழப்பான வளையம். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துத் தட்டை மெதுவாகச் சாய்த்தால் எழுத்து எழும்பும். லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலை என்றால் ஒரு முக்கோணமும் பக்கத்தில் வரிசை எண்ணும் இருக்கும். அந்த எண்ணை வைத்து ஏறக்குறைய எந்த மாதம் அச்சானது என்றே சொல்லிவிடலாம். நியூயார்க்கில் பெல் சவுண்ட் ஸ்டுடியோ தட்டின் பள்ளத்தை வெட்டியது என்றால் அந்தப் பெயரே முத்திரையாக இருக்கும். நாஷ்வில் மேட்ரிக்ஸ் என்றும் முத்திரை உண்டு. பூட்லெக்காரனுக்கு லேபிளைப் படம் பிடித்து அச்சடிப்பது சுலபம், இந்த முத்திரைகளை அப்படியே கொண்டுவருவது கஷ்டம். அதனால் வெறும் கையெழுத்தில் எண்ணைக் கீறி விட்டுவிடுவான். ஒரிஜினலிலும் கையால் கீறிய எண் வருவதுண்டு. ஆகவே இந்தத் தட்டின் ஒரிஜினலில் என்ன இருக்க வேண்டும் என்று முன்பே தெரிந்துகொண்டு ஒப்பிடுவதுதான் வழி.

லேபிளில் எழுத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். படம் பிடித்து மறுஅச்சு செய்த லேபிளில் மெல்லிய எழுத்துகள் தடித்து, 'e' மாதிரி எழுத்துகளின் உள்வெளி அடைந்துபோயிருக்கும். அச்சுப் புள்ளிகளும் தெரியலாம்.

விற்கிறவர் பூட்லெக் என்று சொல்லி விற்றால்கூட சட்டம் அவரை விடாது, ஆனால் வாங்குகிறவர் ஏமாறுவதில்லை. சொல்லாமல் விற்பவர் இரண்டு குற்றம் செய்கிறார்.

---

மதுரைமைக்செட் எழுதியது:

அருமை அண்ணே. இன்னும் ஒரு கேள்வி. ஆடுகிறவர்களுக்குக் காதில் வித்தியாசம் தெரியுமா?

---

ரன்அவுட் எழுதியது:

பல சமயம் தெரியும். எழுபதுகளின் பூட்லெக் பெரும்பாலும் இன்னொரு தட்டிலிருந்து எடுத்த நகல். மாஸ்டர் டேப் அவனுக்கு எங்கே கிடைக்கும்? மூலத் தட்டில் இருந்த கீறலும் இரைச்சலும் நகலுக்குள் பதிந்துவிடும். வீட்டு ஸ்பீக்கரில் பொறுத்துக்கொள்ளலாம். கிளப்பில் சத்தத்தை ஏற்றினால் பேஸ் குழம்பும், தம்புரின் (கையால் குலுக்கும் சலங்கை வளையம்) ஓசை மணல் கொட்டுவது போல் சரசரக்கும். நார்தர்ன் சோலுக்குத் தம்புரின் எவ்வளவு முக்கியம் என்று ராணிக்குத் தெரியும்.

அதற்காக ஒரிஜினல் எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். ஸ்டைரீன் சீக்கிரம் தேயும். டிஜே பாட்டின் தொடக்கத்தைப் பிடிக்க முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி, முதல் இரண்டு மூன்று நொடியில் 'உஷ்ஷ்' என்று ஒரு இரைச்சல் நிரந்தரமாகத் தங்கிவிடும். க்யூ பர்ன் என்பார்கள். அப்படிப்பட்ட ஒரிஜினலைவிட மாஸ்டர் டேப்பிலிருந்து வெட்டிய கென்ட் தட்டு எவ்வளவோ தெளிவு.

---

இரவுராணி எழுதியது:

தம்புரின் விஷயத்தில் முழுச் சம்மதம். சுழன்று நிற்கும்போது என் கால் பிடித்துக்கொள்வது அதைத்தான். அது கலங்கினால் சுழற்சியும் கலங்கும்.

ஆனால் என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். வெளிவராத பாட்டுகளை என்ன செய்வீர்கள்? மெல்பா மூரின் 'தி மேஜிக் டச்' அறுபதுகளில் பதிவாகி வெளிவராமலே டேப்பில் கிடந்தது. எண்பதுகளில்தான் கண்டுபிடித்து, லண்டன் 100 கிளப்பில் விடியவிடிய நடக்கும் ஆல்நைட்டரின் ஆண்டுவிழாத் தட்டாக வந்தது. இன்று அது போடாத இடமில்லை. அறுபதுகளின் ஒரிஜினல் வினைல் என்று ஒன்று அதற்குக் கிடையவே கிடையாது. உங்கள் போஸ்டர்படி அதைப் போடலாமா, கூடாதா?

---

நாற்பத்தைந்து எழுதியது:

போடலாம். ஒரு பாட்டு முதன்முதலில் தட்டாக வந்த அச்சுதான் அதன் ஒரிஜினல். அது 1966ஆக இருந்தாலும் சரி, 1986ஆக இருந்தாலும் சரி. ஸ்டுடியோவில் சோதனைக்காக வெட்டிய அசிடேட் இருந்தால் அதுவும் ஒரிஜினல்தான். அசிடேட் என்பது அலுமினியத் தகட்டின் மேல் மென்மையான பூச்சு, ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் கொஞ்சம் தேயும். அதை வைத்திருப்பவர் ஒவ்வொரு தடவையும் யோசித்துத்தான் போடுவார்.

இப்போது கார்வர் என்று ஒன்று பெருகியிருக்கிறது. கணினியில் உள்ள கோப்பைக் கொடுத்தால் ஒரே ஒரு தட்டு வெட்டித் தருகிறார்கள். யாரோ பெரிய டிஜே போட்ட அரிய பாட்டின் கோப்பை எப்படியோ பிடித்து, தட்டாக வெட்டி, பழைய லேபிள் மாதிரி ஒன்றை ஒட்டி மேடையில் சுழற்றுகிறார்கள். பார்ப்பவருக்கு வினைல், உள்ளே இருப்பது எம்பி3. என் மனசுக்கு இது பழைய பூட்லெக்கைவிடக் கசக்கிறது. பூட்லெக்காரனுக்குப் பண ஆசை என்று புரிகிறது. ஐம்பது பேர் கூடும் ஓர் அறையில், சக ரசிகர்கள் முன்னால் இந்த நடிப்பு எதற்கு? லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு அதையே போட்டிருந்தால் நேர்மையாவது மிஞ்சியிருக்கும்.

---

வெள்ளைலேபிள் எழுதியது:

இதில் நான் உங்களோடு நிற்கிறேன். என்னிடம் இரண்டு பூட்லெக் உண்டு, கேட்டால் பூட்லெக் என்றே சொல்வேன். போலி லேபிள் ஒட்டிய கார்வர் வைத்து ஊரை ஏமாற்ற மாட்டேன்.

ஆனால் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

---

பவுடர்தரை எழுதியது:

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்துவிட்டு, கூட நடத்தும் நண்பர்களோடும் உட்கார்ந்து பேசினோம். தம்பியின் கேள்விக்கு என் பதில் இது.

ஓ.வி.ஓ. தரும் சுகம் உண்மையானது, அதை நான் இழக்க விரும்பவில்லை. 1966இல் ஏதோ ஓர் ஆலையில் அழுத்தி, யாரும் வாங்காமல் ஒரு கிடங்கில் கிடந்து, கை மாறிக் கை மாறி இந்த மாடிக்கு வந்த அதே பொருள் இப்போது சுழல்கிறது என்பதில் ஒரு சிலிர்ப்பு இருக்கிறது. அதற்காகவே தூரத்திலிருந்து வண்டி ஓட்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் கென்ட் மாதிரி உரிமம் பெற்ற அச்சைப் பூட்லெக்கோடு ஒரே கூடையில் போட்டு வாசலில் நிறுத்துவது அநியாயம் என்று தம்பி சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை.

அதனால் அடுத்த இரவிலிருந்து இப்படி. எட்டிலிருந்து ஒன்பதரை வரை திறந்த மேசை. உரிமம் பெற்ற மறுஅச்சு, ஒரிஜினல் எது வேண்டுமானாலும் போடலாம், போடுகிறவர் எது என்று சொல்ல வேண்டும். ஒன்பதரைக்கு மேல் ஓ.வி.ஓ. அதில் வெளிவராத பாட்டுக்கு அசிடேட்டும் முதல் அச்சும் செல்லும். பூட்லெக்கும் கார்வரும் எந்த நேரத்திலும் கிடையாது. இவை எல்லாமே போஸ்டரில் எழுத்தாக இருக்கும். டெக் பக்கத்தில் ஒரு சிறிய பலகை வைத்து, இப்போது ஓடும் தட்டின் உறையை அதில் சாய்த்து வைப்போம். பாடியவர் பெயரும் லேபிளும் எழுதி வைத்தால் எல்லோரும் பார்க்கலாம். கவர்-அப் போட விரும்புகிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த விருந்தினரிடமும் மறுபடி பேசினேன். கூட்டத்துக்கு முன்னால் அவமானப்படுத்தும் எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. விதியைச் சொன்னேன். ஏற்றுக்கொண்டு வந்தால் மேசை அவருக்கும் உண்டு. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

---

இரவுராணி எழுதியது:

உறை பலகை நல்ல யோசனை. ஆடிக்கொண்டே யார் பாட்டு என்று கேட்கப் போனால் சில டிஜேக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அது தீரும். பூட்லெக் இல்லாவிட்டால் ஃப்ராங்க் வில்சனைக் கேட்டிருக்க மாட்டேன் என்பதில் மட்டும் நான் மாறவில்லை, அண்ணா. அதையும் சேர்த்தே சொல்லிவிட்டு வருகிறேன்.

---

வெள்ளைலேபிள் எழுதியது:

திறந்த மேசையில் முதல் அரை மணி நேரம் எனக்குக் கிடைக்குமா? பெரும்பாலும் கென்ட், கொஞ்சம் மலிவான மோடவுன் ஒரிஜினல், ஒரு ரெவிலாட் டாரல் பேங்க்ஸ் வைத்திருக்கிறேன். பூட்லெக் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறேன்.

---

பவுடர்தரை எழுதியது:

எட்டு மணி உங்களுடையது. டாரல் பேங்க்ஸை மட்டும் ஒன்பதரைக்கு மேல் போடுவதற்கு எடுத்து வையுங்கள், அந்த நேரத்திலும் உங்களுக்கு இரண்டு தட்டு தருகிறேன். அமெரிக்கத் தட்டின் பெரிய துளைக்கு மாட்டும் அடாப்டர் கொண்டு வாருங்கள், எங்களிடம் இருப்பதில் ஒன்று ஆடுகிறது. ஏழரைக்கு வந்துவிட்டால் ஒலி சரிபார்க்கலாம்.